தொங்கும் லைட்டைப் பிடித்து ஆடினால் தாங்குமா?

படத்தில் வருகிற மாதிரி சரவிளக்கைப் பிடித்துத் தொங்கி ஆடினால் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள், குறும்படம் ஏதும் எடுக்கப் போகிறீர்கள் போல. தாங்காது.

நான் திருகோணமலையில் வயரிங் வேலை செய்கிறவன். உப்புவெளிப் பக்கம் ஒரு மண்டபத்தில் பெரிய லைட் ஒன்று மாட்டினேன். கொளுக்கியில் 50 கிலோ சீமெந்து மூட்டையை இரவு முழுக்கத் தொங்கவிட்டுப் பார்த்த பிறகுதான் லைட்டையே ஏற்றினேன். அப்புறம் ஒரு கலியாணத்தில் மாப்பிள்ளையின் கூட்டாளி மேடையிலிருந்து அதைப் பிடித்துக்கொண்டு பாய்ந்திருக்கிறான். நேர் கீழே வரும்போது அறுந்து, ஆள் முன்வரிசைக் கதிரைகளுக்குள்.

உச்சிக்குப் போகும்போதுதான் அறும் என்று பலரும் நினைக்கிறார்கள். உச்சியில் வேகமே இல்லை, இழுவையும் குறைவு. அடியில்தான் வேகம் அதிகம், ஆளை வளைத்துத் திருப்புகிற விசையும் எடையோடு சேரும். நேர் கீழே தொங்கும் கோட்டிலிருந்து 60 பாகை சரிவில் இருந்து விட்டால் எடையின் 2 மடங்கு, 90 பாகை என்றால் 3 மடங்கு. 60 பாகையிலேயே 70 கிலோப் பெடியன் 140 கிலோ மாதிரி இழுப்பான், லைட்டின் பாரம் வேறு. சங்கிலி நீளமா கட்டையா என்பது இந்தக் கணக்கில் வராது, நீளம் கூடினால் ஆட்டம் மெதுவாகும், அவ்வளவுதான். காற்றுத்தடையை விட்டுவிட்டாய் என்று பௌதிகவியல் வாத்தியார்கள் வருவார்கள், தெரியும். வரட்டும். தொய்வாகப் பிடித்துக்கொண்டு குதித்தால் வெட்டி இழுக்கும், அது இன்னும் மோசம்.

என் கொளுக்கி அசையவே இல்லை. லைட்டோடு வந்த சங்கிலியில் ஒரு கண்ணி வாய் பிளந்து கிடந்தது. அந்தக் கண்ணிகளை வெல்டிங் பண்ணியிருக்கவில்லை, வெறும் கம்பியை வளைத்து மேலே தங்கப் பூச்சு. லைட்டைத் தாங்க அது போதும், மனிசனுக்கு இல்லை. அதைக் கையில் வைத்துக் காட்டியும் முதலாளி, "உன்ட வேலைதான் தம்பி சரியில்லை" என்று மிச்சக் காசைத் தரவில்லை. அதே மண்டபத்துக்குக் கொழும்பிலிருந்து ஏசி பூட்ட வந்தவர்களுக்குக் கை மேல் காசு, மத்தியானம் கோழிக்கறியோடு சாப்பாடு. ஊர்க்காரன் என்றால் நாளைக்கு வா.

சரி, உங்கள் விஷயம். கான்கிரீட் பீமில் தனியாக ஸ்டீல் கயிறு கட்டி, தெரிந்த ஆளை வைத்து இடுப்புப் பட்டி போட்டு ஆடுங்கள், லைட் சும்மா கூட ஆடட்டும். அதற்கு முதல் மெயின் சுவிட்சை இறக்குங்கள், வயர் பிய்ந்தால் 230 வோல்ட்.