கையில் ஒரே போன், வகுப்பில் 38 பிள்ளைகள்: கேள்வி பதில்

கே: பிள்ளைகளிடம் போன் இல்லை, பள்ளியில் புரொஜெக்டரும் இல்லை. யாருக்குப் புரிந்தது என்று உடனே தெரிய ஏதாவது வழி உண்டா சார்?

ப: பிளிக்கர்ஸ் என்ற செயலி போதும். பிள்ளைகள் காட்டும் அட்டைகளைப் போன் கேமராவால் படித்து, யார் என்ன விடை சொன்னார்கள் என்று அது காட்டும். இணையமுள்ள உங்கள் ஒரு போன் இருந்தால் நடக்கும். அவர்கள் தளத்தில் 40 அட்டைகள் கொண்ட பிடிஎஃப் இலவசமாகக் கிடைக்கிறது. ஏ4 தாளுக்கு இரண்டு அட்டை, உங்களுக்கு 19 தாள். வருகைப் பதிவேட்டு வரிசையிலேயே பெயர்களை ஏற்றுங்கள். 7ஆம் எண்ணுக்கு 7ஆம் அட்டை.

கேள்வியையும் நாலு விடைகளையும் கரும்பலகையில் எழுதலாம். அட்டையின் நாலு ஓரத்திலும் ஏ, பி, சி, டி பொடியாக இருக்கும். விடை எழுத்து மேலே வரும்படி பிள்ளைகள் பிடிக்க, நீங்கள் போன் கேமராவை வகுப்பின் குறுக்கே மெதுவாக நகர்த்த வேண்டும். அட்டைக்கு அட்டை கறுப்புக் கட்டக் கோலம் வேறு என்பதால் பக்கத்துப் பையனைப் பார்த்துத் திருப்ப முடியாது.

செயலியைவிட முக்கியம், தவறான விடைகளை எப்படி வைக்கிறீர்கள் என்பது. 1/2 + 1/3 கேட்டால் 5/6, 2/5, 2/6, 1/5 என்று கொடுங்கள். 2/5 காட்டுகிறவன் மேலோடு மேல், கீழோடு கீழ் கூட்டியிருக்கிறான். 2/6 காட்டுகிறவன் பகுதியை 6 ஆக்கிவிட்டுத் தொகுதியை மாற்ற மறந்தவன். இருவருக்கும் ஒரே விளக்கம் சொன்னால் வேலைக்காகாது. சும்மா 7, 12, 100 என்று வைத்தால் மதிப்பெண் வரும், வேறொன்றும் தெரியாது.

கே: அதே பிளிக்கர்ஸ்தான். அட்டைகளை லேமினேட் செய்து கொடுத்தேன், பத்துப் பேருக்கு விடை பதிவாகவே இல்லை.

ப: பளபளப்புதான் காரணம். ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கறுப்புக் கட்டம் வெள்ளையாகிவிடும். மங்கலான லேமினேஷன் போடுங்கள், இல்லையென்றால் கெட்டி அட்டையில் ஒட்டுங்கள். அப்புறம், விரல் கறுப்புக் கோலத்தின் மேல் படக் கூடாது. வெள்ளை ஓரத்தைத்தான் பிடிக்க வேண்டும். சின்ன வகுப்புகளில் பாதி பிரச்சினை இதுதான்.

கே: கூகுள் ஃபார்ம்ஸில் சமூக அறிவியல் தேர்வு வைத்தேன். சரியாக ‘மௌரியர்’ என்று எழுதியவர்களுக்கே பூஜ்யம் போட்டிருக்கிறது!

ப: பிள்ளைகள் கொம்பு போட்டுப் பக்கத்தில் ‘ள’ அடித்து ‘மெளரியர்’ என்று எழுதியிருப்பார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு எழுத்து. சிறு விடைக் கேள்வியில் ஃபார்ம்ஸ் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். விடைக் குறிப்பில் இரண்டு வடிவங்களையும் சேர்த்துவிடுங்கள், ‘மௌரியர்கள்’ என்பதையும்தான். தமிழில் பலவுள் தெரிவே நிம்மதி.

பழைய வினாத்தாளை வெட்டி ஒட்டினால் குப்பையாக வருகிறது என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற எழுத்துரு மாற்றியில் யூனிகோடாக மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

கே: வீட்டுப்பாடம் ஃபார்ம்ஸில் அனுப்பினால் அண்ணன் முடித்ததும் தங்கைக்குத் திறக்கவில்லையாம். இருவரும் என் வகுப்புதான், வீட்டில் ஒரே போன்.

ப: அமைப்புகளில் ‘ஒருவருக்கு ஒரு பதில்’ என்பதை அணைத்துவிடுங்கள். அது ஆளைப் பார்ப்பதில்லை, கூகுள் கணக்கைப் பார்க்கிறது. பெயரோடு வரிசை எண்ணையும் கட்டாயக் கேள்வியாக்கினால் இரட்டைப் பதிவு தெரிந்துவிடும். நோட்டுப் படத்தைப் பதிவேற்றச் சொல்லும் கேள்வி வேண்டாம்: அதற்குக் கணக்கில் நுழைந்தே ஆக வேண்டும், படமெல்லாம் உங்கள் கூகுள் கணக்கின் 15 ஜிபி இடத்தைத்தான் தின்னும்.

கே: பாடநூலில் உள்ள கியூஆர் குறியீடு மங்கிவிட்டது, ஸ்கேன் ஆகவில்லை.

ப: கட்டத்தோடு அச்சாகியிருக்கும் ஆறு எழுத்துக் குறியீட்டைத் தீக்‌ஷா செயலியில் தட்டச்சு செய்யுங்கள். அதில் வரும் பாடக் காணொலியை முதல் நாளே இறக்கி, இணையத்தை அணைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

கே: புரொஜெக்டரில் படம் வருகிறது, சத்தம் மட்டும் வரவில்லை மேடம் என்று பிள்ளைகள் கத்துகிறார்கள்.

ப: எச்டிஎம்ஐ கேபிளை மாட்டியதும் ஒலி புரொஜெக்டருக்குப் போய்விடுகிறது. விண்டோஸில் ஸ்பீக்கர் படத்தைத் தட்டி, ஒலி வெளியீட்டை மடிக்கணினிக்கு மாற்றுங்கள். படமே வராவிட்டால் விண்டோஸ் விசையோடு ‘பி’ அழுத்தி, இரண்டு திரையிலும் ஒரே படம் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.