ஆவிக்குரிய வரங்களை வளர்த்துக்கொண்டே சபையில் ஒருமனமாய் இருக்க முடியுமா?

உங்கள் சபையில் சிலர் அந்நியபாஷையில், அதாவது ஆவியானவர் தரும் வரமாகப் பேசப்படும், கேட்பவர்களுக்குப் புரியாத பாஷையில், ஜெபிக்கத் தொடங்கியதிலிருந்து இரண்டு கட்சிகள் உண்டாகிவிட்டன என்றும், வரங்களை நாடுவதை விட்டுவிட்டால்தான் ஒற்றுமை மிஞ்சுமோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் இளையவர், அண்மையில் ஏதோ ஓர் எழுப்புதல் கூட்டத்திற்குப் போய் வந்தவர், உங்களைக் கண்டித்த மூப்பர் ஒருவர்மேல் மனத்தாங்கலோடு இருப்பவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன், தவறாயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் மியன்மாரின் (பழைய பர்மாவின்) யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், ஒரு சிறிய தமிழ்ச் சபைக்குப் பல ஆண்டுகள் காரியதரிசியாக இருந்தவன். அதாவது, கண்டித்த மூப்பரின் இடத்தில் இருந்தவன்.

நான் வேதபண்டிதன் அல்லன். அந்நியபாஷை போன்ற வரங்களை வலியுறுத்தும் பெந்தெகொஸ்தே சபைச் சகோதரர்கள் இதைப் படித்து என்மேல் வருத்தப்படவும் வேண்டாம், அவர்களுக்கு எதிராக நான் எழுதுகிறேன் என்று மற்றவர்கள் மகிழவும் வேண்டாம். எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

1964-இல் கடைகளும் தொழில்களும் அரசுடைமையாக்கப்பட்ட பிறகு லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கப்பலேறினார்கள். எங்கள் சபையின் பழைய அங்கத்தினர் பதிவேட்டில் பக்கம் பக்கமாகப் பெயர்கள் கோடிடப்பட்டு, எதிரே ‘இந்தியா’ என்று மட்டும் எழுதப்பட்டிருக்கும். என் தகப்பனார் போகவில்லை. மிச்சமிருந்த குடும்பங்களை வைத்துக்கொண்டு ஞாயிறு ஆராதனையை ஒரு வாரமும் விடாமல் தமிழில் நடத்திய தலைமுறை அது. அந்தத் தமிழ் ஆராதனையைக் கட்டிக்காப்பதே எனக்குக் கொடுக்கப்பட்ட ஊழியம் என்று நான் நம்பியிருந்தேன். இந்தப் பெருமையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வழுக்கி விழுந்தது அங்கேதான்.

ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் சிலர் அந்நியபாஷையில் பேச ஆரம்பித்தார்கள். அவர்களில் ஒருவர் காலையில் தெருமுனையில் மொஹிங்கா (மீன் குழம்பு ஊற்றிய பர்மிய நூடுல்ஸ்) விற்றுப் பிழைத்துவந்த ஒரு விதவை; நாங்கள் அவரை அக்கா என்றுதான் அழைப்போம். ஒரு ஞாயிறன்று பொது ஜெப வேளையில் அவர் சத்தமாக அந்தப் பாஷையில் ஜெபித்துவிட்டார். நான் எழுந்து பிரசங்க மேடைக்குப் போய், கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபம் 14-ஆம் அதிகாரத்தைத் திறந்து, அர்த்தம் சொல்லுகிறவன் இல்லாவிட்டால் அப்படிப் பேசுகிறவர் சபையில் அமைதியாயிருந்து, தனக்கும் தேவனுக்கும் தெரியப் பேச வேண்டும் என்ற பகுதியை அவர் முகத்தைப் பார்த்தபடியே வாசித்தேன். வசனம் சரியானதே. இன்றும் அந்த வசனத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதே அதிகாரம் அன்பை நாடுங்கள் என்று தொடங்குவதையும், முடிவுக்கு ஒரு வசனம் முன்னால் அந்நியபாஷை பேசுகிறதைத் தடைபண்ணாதேயுங்கள் என்று சொல்வதையும் நான் வாசிக்கவில்லை. (அதற்கு முந்திய 13-ஆம் அதிகாரத்தை நாம் கல்யாண வீட்டில் மட்டும் வாசிக்கிறோம், மணமக்களுக்காக எழுதியதுபோல! வரங்களைப் பற்றிச் சண்டையிட்டுக்கொண்டிருந்த ஒரு சபைக்கு அப்போஸ்தலனாகிய பவுல் எழுதியது அது.) அக்கா அதன்பின் ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

சில மாதங்கள் கழித்து வருடாந்தரக் கூட்டத்தில், வாலிபர் ஏன் சபைக்கு வருவதில்லை என்று நானே பேச்செடுத்தேன். பத்தொன்பது வயதிருக்கும் ஒரு பையன் எழுந்து பர்மியத்தில் சொன்னான்: “அந்த ஆன்ட்டி ஜெபிப்பதும் எங்களுக்கு நா மலே பூ, அங்கிள் ஜெபிப்பதும் நா மலே பூ. ஆன்ட்டியை மட்டும் ஏன் நிறுத்தினீர்கள்?” ‘நா மலே பூ’ என்றால் புரியவில்லை என்று பொருள். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. தமிழ்ப் பிள்ளை தமிழ் தெரியாமல் வளர்ந்தது யார் குற்றம் என்று ஏதோ சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

அன்றிரவு அவனுக்குப் பதில் தேடித்தான் மறுபடியும் 14-ஆம் அதிகாரத்தை எடுத்தேன். பாஷையின் கருத்து எனக்குத் தெரியாவிட்டால் பேசுகிறவனுக்கு நான் அந்நியன், பேசுகிறவனும் எனக்கு அந்நியன் என்று 11-ஆம் வசனம் சொல்கிறது. ஐம்பது ஆண்டுகளாகக் காத்துவந்த என் தமிழ், என் சபைப் பிள்ளைகளுக்கு அர்த்தம் சொல்லப்படாத அந்நியபாஷையாகிவிட்டிருந்தது. தமிழை விடு என்று பவுல் எனக்குச் சொல்லவில்லை. அர்த்தம் சொல்லுகிறவன் எங்கே என்றுதான் கேட்டார்.

அடுத்த மாதத்திலிருந்து பிரசங்கத்தை வாக்கியம் வாக்கியமாகப் பர்மியத்தில் பெயர்க்கும் வேலையை எடுத்துக்கொண்டேன். சந்தையில் பேசும் பர்மியம் மேடைக்குப் போதாது என்பது முதல் வாரமே தெரிந்தது. அமெரிக்க மிஷனரி அடோனிராம் ஜட்சன் 1813-இல் ரங்கூனுக்கு வந்து 1834-இல் மொழிபெயர்த்து முடித்த பர்மிய வேதாகமத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சனிக்கிழமை இரவுகளில் போதகரிடம் குறிப்பு வாங்கிச் சொல் சொல்லாகத் தேடினேன். ஆவி என்பதற்கு அதில் ‘வின்யின்’ என்று வருகிறது. அது பாலி மொழியிலிருந்து வந்த சொல்; நமக்கு அதே மூலம் ‘விஞ்ஞானம்’ ஆகி, அறிவியலைக் குறிக்கிறது. கிருபை என்பதற்கு அங்கே வழங்கும் சொல், நாங்கள் தினமும் கடையில் நன்றி சொல்லும்போது வாயில் வரும் ‘ஜேசூ’தான். கிரேக்கத்திலும் வரத்தைக் குறிக்கும் ‘காரிஸ்மா’, கிருபையைக் குறிக்கும் ‘காரிஸ்’ என்பதிலிருந்தே பிறந்தது என்று போதகர் சொன்னார். கிருபையாய்க் கிடைத்ததை உழைத்து வாங்கியதுபோல நாங்கள் இரு கட்சியாருமே காட்டிக்கொண்டிருந்தோம்.

வரத்தை வளர்ப்பது பற்றிக் கேட்டீர்களே, எனக்குத் தெரிந்த வளர்ப்பு இந்தச் சனிக்கிழமை இரவுகள்தான். தம் இளைய உடன் ஊழியன் தீமோத்தேயுவிடம் வரத்தை அனல்மூட்டி எழுப்பிவிடச் சொல்கிறார் பவுல். அடுப்பு ஊதியவர்களுக்குத் தெரியும், கண் எரியாமல் அது நடக்காது. ரோமர் 12-ஆம் அதிகாரப் பட்டியலில் போதிப்பதும், பகிர்ந்து கொடுப்பதும், இரக்கஞ்செய்வதும் தீர்க்கதரிசனத்தோடு ஒரே வரிசையில் நிற்கின்றன. கொரிந்தியரில் ‘உதவிகள்’ என்று ஒன்று, குணமாக்கும் வரங்களுக்கு அடுத்தே வருகிறது. பண்டிகை நாளில் முந்நூறு பேருக்குச் சமைத்துவிட்டு ஆராதனை முடியும்போதுதான் வந்து உட்காரும் பெண்களை நாங்கள் எந்த வரத்தின் பெயராலும் அழைத்ததில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு பிரசங்கியாரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூன்று நாள் கூட்டத்தில் எல்லோருக்கும் அந்நியபாஷை கிடைத்துவிடும் என்றார். வேகவேகமாக ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். ஆவியானவர் தமது சித்தத்தின்படி பகிர்ந்து கொடுக்கிறார் என்றிருக்க, இது என்ன பயிற்சி என்று எனக்கு விளங்கவில்லை. போதாததற்கு, பர்மியச் சொல் கலந்த எங்கள் தமிழைக் கேட்டு மேடையிலேயே சிரித்தார். பாடசாலை இல்லாமல், பாட்டிமார் வாயிலிருந்து மட்டும் பிடித்து வைத்திருக்கிற தமிழ் இது என்பதை அவர் நினைத்துப் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கூசி உட்கார்ந்திருந்தபோதுதான் மொஹிங்கா அக்காவின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது.

அவர் வீட்டுக்கு நான் மன்னிப்புக் கேட்கப் போனது அதற்கும் ஓராண்டு கழித்துத்தான். அத்தனை நாள் பிடித்தது என் அகங்காரத்திற்கு. எபேசியருக்கு எழுதும்போது ஆவியின் ஒருமையை உண்டாக்குங்கள் என்று பவுல் சொல்லவில்லை, காத்துக்கொள்ளுங்கள் என்கிறார். இருந்ததை உடைத்தவன் நான் என்பதால் நான்தான் போகவேண்டியிருந்தது. உங்கள் சபையில் உங்களிடம் யார் வரவேண்டும், நீங்கள் யாரிடம் போகவேண்டும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அக்கா எனக்குத் தேநீர் கொடுத்தார், அதிகம் பேசவில்லை. அடுத்த மாதம் ஆராதனைக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் வருகிறார். நான் சொல்லும் பர்மியத்தில் பிழை வந்தால் வாசலில் நிறுத்தித் திருத்துவதும் அவர்தான், ஏனென்றால் அவருடைய பர்மியம் என்னுடையதைவிட நல்லது. ஆனால் சபையில் அவர் மறுபடி சத்தமாக ஜெபித்ததே இல்லை, தமிழிலும் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை அவர் வீட்டில் நாலைந்து பெண்கள் கூடி ஜெபிக்கிறார்கள். என் மனைவி போகிறாள். என்னை இன்னும் யாரும் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை.