லக்கோட்டா மொழியில் 'நன்றி' சொல்வது எப்படி? ஆணும் பெண்ணும் ஏன் வேறுவிதமாகச் சொல்கிறார்கள்?

லக்கோட்டா, அமெரிக்காவின் டகோட்டா மாநிலங்களில் வாழும் பழங்குடி மக்களின் மொழி. நன்றிக்கு அதில் 'பிலாமயயே'. நடுவில் வரும் 'ம' என்னை, 'ய' நீ. 'நீ என்னை மகிழவைத்தாய்' என்ற முழு வாக்கியமும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது. நம் 'வந்தேன்' என்பதற்குள் 'நான்' ஒளிந்திருக்கிறதே, அப்படித்தான். அங்கே 'என்னை'யும் சேர்ந்து ஒளிந்துகொள்கிறது. அதனால் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் உதைக்கும்.

ஆண் சொன்னால் கடைசியில் 'யெலோ' சேர்ப்பது வழக்கம்: 'பிலாமயயே யெலோ'. நாம் 'வாடா', 'வாடி' என்று கேட்பவரைப் பார்த்து மாற்றுகிறோம். அங்கே பேசுபவர் யார் என்பதுதான் கணக்கு. (பெண் ஆசிரியரிடம் மட்டும் கற்கும் ஆண்கள் இதில் சறுக்குவார்கள்.)

பழைய சினிமாக்களில் வரும் 'ஹௌ' எல்லாப் பழங்குடியினருக்கும் பொதுவான வணக்கம் அல்ல. லக்கோட்டாவிலேயே அது ஆண்கள் சொல்வது, பெண்கள் 'ஹான்' என்பார்கள்.