அரையாண்டு விடுமுறையும் மூன்று பையன்களும்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். ஒன்பது, ஏழு, நான்கு வயதில் எனக்கு மூன்று மகன்கள். கணவர் புதுச்சேரியில் ஒரு கடையில் வேலை பார்க்கிறார். காலை எட்டு மணிக்குப் பேருந்து ஏறினால் இரவு ஒன்பதரைக்குத்தான் திரும்புவார். ஞாயிறு மதியத்துக்குமேல் மட்டுமே விடுப்பு. நான் வீட்டில் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். நவம்பரில் மழைக்காகப் பள்ளி மூடிய நான்கு நாளும் பிள்ளைகள் கண் விழித்ததிலிருந்து ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். ஒரு வேலையும் வைக்காமல், சோற்றுத் தட்டைக்கூடக் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், அப்படியும் அடங்குவதில்லை. கைப்பேசியைக் கொடுத்தால் அமைதி, வாங்கினால் அழுகை. மூன்றாம் நாள், தைக்க வந்த பட்டுத் துணியில் பெரியவன் மையைக் கொட்டிவிட்டான். அளவுகோலால் அடித்துவிட்டேன், கை தடித்துப் போயிற்று. அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை. ‘ஆம்பளப் பசங்க அப்படித்தான் இருப்பாங்க’ என்கிறார் மாமியார். இனி அரையாண்டு விடுமுறை வரப்போகிறது, அதே நேரத்தில் பொங்கல் துணிகளும் வந்து குவியும். எங்கேயாவது போய்விடலாமா என்றுகூடச் சில நேரம் தோன்றுகிறது. நான் கெட்ட தாயா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கடலூர்)

பதில்:

அன்புத் தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது மனத்தில் கிடந்து அறுத்துக்கொண்டிருக்கும்வரை வேறு எதைச் சொன்னாலும் காதில் ஏறாது. நீங்கள் கெட்ட தாய் இல்லை. அடித்தது தவறு. அது தவறென்று நீங்களே உணர்ந்ததால்தான் அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஆனால் நீங்கள் உறங்காமல் கிடந்தது உங்கள் மகனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் தடித்துப்போன தன் கை மட்டும்தான். ஆகவே நாள் கடந்துவிட்டதே என்று தயங்காமல், அவன் தனியாக இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, “அன்றைக்கு உன்னை அடித்தது அம்மா செய்த தப்பு, இனி அடிக்க மாட்டேன்” என்று சொல்லிவிடுங்கள்.

இதில் நான் பட்டு அறிந்த ஒன்று உண்டு. என் பிள்ளைகளுக்கு எட்டும் ஆறுமாக வயதிருந்தபோது புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஓர் ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். ஒரு டிசம்பரில் ஐந்து நாள் விடாத மழை. துவைத்த துணியெல்லாம் அறைக்குள் கட்டிய கொடியில் ஈரவாடையோடு தொங்க, அதன் அடியில் குனிந்து குனிந்துதான் நடமாடினோம். ஏதோ ஒரு சண்டையில் பெரியவனைத் தோசைத் திருப்பியின் காம்பால் அடித்துவிட்டேன். மாலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டபோது, “அப்போ தம்பி செஞ்சது சரியா?” என்று கேட்டான். நானும் சும்மா இருக்காமல், அவன் முதலில் என்ன செய்தான், தம்பி பிறகு என்ன செய்தான் என்று வழக்கை முதலிலிருந்து பேசத் தொடங்கிவிட்டேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். மன்னிப்புக் கேட்கிற நேரத்தில் அந்தப் பட்டுத் துணியைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசாதீர்கள். அந்தக் கணக்கை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம்.

இப்போது விடுமுறைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில், ஒரு வேலையும் வைக்காமல் சோற்றுத் தட்டைக்கூடக் கையில் கொண்டுபோய்க் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் துன்பத்தின் வேர் அந்த வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பள்ளி நாட்களில் காலை ஒன்பது மணி முதல் மாலை நான்கு மணிவரை மணியடித்து, வரிசையில் நிறுத்தி, ஓடவிட்டு, எழுதவைத்து அவர்களை யாரோ நடத்திச் செல்கிறார்கள். விடுமுறையில் அந்த மணியும் இல்லை, மழை பிடித்துக்கொண்டால் தெருவும் இல்லை. வீட்டில் நடக்கும் வேலை எதிலும் ஆண் பிள்ளைகள் என்பதற்காக அவர்களுக்குப் பங்கும் இல்லை. எல்லோரும் ஏதோ செய்துகொண்டிருக்கிற வீட்டில் செய்வதற்கு ஒன்றுமில்லாத மூன்று பையன்களுக்கு மிச்சமிருப்பது ஒருவரையொருவர் சீண்டுவது மட்டும்தான். அமைதியாக இரு என்று சொல்வதைவிட, அவர்களை வீட்டு வேலைக்குள் இழுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குக் கொடுக்கிற பொய்யான வேலையாக அது இருக்கக் கூடாது. அவர்கள் செய்யாவிட்டால் உண்மையிலேயே நின்றுபோகிற வேலையாக இருக்க வேண்டும்.

மொச்சையிலிருந்து தொடங்குங்கள். மார்கழி, தை மாதங்களில் பச்சை மொச்சை சந்தையில் நிறையக் கிடைக்கும். ஒரு கிலோ காய் வாங்கி மூன்று பேரையும் வட்டமாக உட்காரவைத்து உரிக்கச் சொல்லுங்கள். உரித்த பயறை இரவு தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலையில் பயறு பருத்து, தோல் தளர்ந்திருக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து அழுத்தினால் உள்ளிருக்கும் பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே பாயும். முதல் பத்துப் பருப்பு கூடத்தின் மூலைக்கும் தம்பியின் மூக்குக்கும் போகும், பரவாயில்லை. சற்று நேரத்தில் பாத்திரத்துக்குள் குறிபார்த்துப் பிதுக்கும் பழக்கம் கைக்கு வந்துவிடும். நான்கு வயதுக்காரன் விரலுக்கும் இந்த வேலை வரும், ஏழு வயதுக்காரனுக்கு இது பந்தயம், பெரியவனுக்குத் தம்பிகளை மேற்பார்வை பார்க்கும் பெருமை. முக்கால் மணி நேரம் போவதே தெரியாது. மதியம் அந்தப் பிதுக்குப் பருப்புக் குழம்பு தட்டில் விழும்போது, அது தாங்கள் செய்தது என்று மூவருக்கும் தெரியும். தட்டை அவர்களே எடுத்து வரட்டும், தின்று முடித்ததும் அவர்களே கழுவி வைக்கட்டும்.

உங்கள் தையல் வேலையிலும் அவர்களுக்கு இடம் இருக்கிறது. நீங்கள் அதை எண்ணிப் பார்த்திருக்க மாட்டீர்கள், ஏனென்றால் பையன்கள் துணிப் பக்கம் வந்தால் விரட்டத்தான் நமக்குப் பழக்கம். வந்த துணியை அளவு ஜாக்கெட்டோடு சேர்த்து மடித்து, பெயரும் தேதியும் எழுதிய சீட்டைக் குத்தி அடுக்கிவைக்கிற பொறுப்பைப் பெரியவனிடம் கொடுங்கள். மை கொட்டியவனிடமே அந்தப் பட்டுத் துணிகளை ஒப்படைப்பது அவனுக்கு நீங்கள் வாயால் சொல்லாமல் சொல்கிற ஒரு செய்தி. சீட்டைப் பென்சிலால் எழுதட்டும். நடுவிலவனுக்கு ஒரு காந்தத்தில் நூலைக் கட்டிக் கொடுத்து, வேலை முடிந்ததும் தரையெல்லாம் இழுத்துக் குண்டூசிகளையும் கொக்கிகளையும் பொறுக்கச் சொல்லுங்கள். அந்தக் காந்தத்தில் ஊசிகள் தாவி ஒட்டுவதைப் பார்ப்பதற்காகவே தினமும் தானாக வந்து நிற்பான். சின்னவனுக்குத் துண்டுத் துணிகளை நிறம் நிறமாகப் பிரித்துப் பைகளில் போடுகிற வேலை போதும். ஆனால் குண்டூசி பொறுக்கி முடிந்த பிறகே அவன் உள்ளே வர வேண்டும், கத்தரிக்கோல் எப்போதும் உயரத்தில் இருக்க வேண்டும்.

அதிகாலையில் வாசலில் கோலம் போடும்போது பெரியவனை எழுப்பிப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஏழு நேர்ப்புள்ளியில் ஏழு வரிசை என்றால் மொத்தம் எத்தனை என்று அவனே கணக்குப் போடுவான். ஆண் பிள்ளை கோலம் போடுவதா என்று எதிர்வீட்டில் யாராவது கேட்டால், என்னைக் கேட்டால் போடலாம் என்று சொல்வேன், போடவும் வேண்டும்.

மாமியாரைப் பற்றி ஒரு சொல். அவர் உங்களுக்கு எதிராகப் பேசவில்லை, தான் வளர்த்த விதத்தைச் சொல்கிறார். “இதையெல்லாம் பசங்களுக்குக் கத்துக்கொடுங்க அத்தை, எனக்குப் பொறுமை போதலை” என்று மொச்சைக் கூடையை அவர் முன்னால் வைத்துப் பாருங்கள். தர்க்கத்துக்கு இறங்காத பலர் பொறுப்புக்கு இறங்கிவருவதை நான் பார்த்திருக்கிறேன்.

கைப்பேசியை முழுவதுமாக ஒழிக்கச் சொல்ல மாட்டேன். அழும்போது கொடுப்பதும் கோபத்தில் பிடுங்குவதும்தான் அதற்கு அவ்வளவு வலிமையைத் தருகின்றன. இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகள் திரை முன் உட்காரும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. அந்த ஒரு மணி நேரத்தை நீங்கள் துணி வெட்டுகிற நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். தைப்பதில் பிழை வந்தால் பிரிக்கலாம், வெட்டியதில் பிழை வந்தால் அடுத்தவர் துணி போனது போனதுதான். உங்களுக்கு ஓசையில்லாத நேரம் கட்டாயம் வேண்டியது அப்போதுதான். தினமும் அதே நேரம், மூவரும் சேர்ந்து, கடிகாரத்தைக் காட்டி. முதல் மூன்று நாள் அழுவார்கள். நேரம் மாறாதென்று தெரிந்ததும் அழுகை குறைந்துவிடும்.

மழை விட்ட நேரத்தை மட்டும் எந்த வேலைக்காகவும் விட்டுவிடாதீர்கள். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும். ஓடாத நாளின் ஓட்டமெல்லாம் இரவில் உங்கள் கட்டில்மேல்தான் நடக்கும். டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது, ஆகவே நான்கரைக்கே கிளம்பிவிடுங்கள். உங்கள் ஊரில் பையன்களுக்குச் சொல்ல நல்ல கதை ஒன்று காலடியிலேயே கிடக்கிறது. 1690-ல் ஆங்கிலேயக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து நாலாபக்கமும் பீரங்கியால் சுட்டு, குண்டு போய் விழுந்த இடம்வரை உள்ள நிலமெல்லாம் தங்களுடையது என்று எடுத்துக்கொண்டது. அப்படிச் சிக்கிய ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. குண்டு சாலையில் நடக்கும்போது இதைச் சொல்லிப் பாருங்கள்; குண்டு எங்கே விழுந்திருக்கும் என்று தேடிக்கொண்டே மூவரும் சண்டையை மறந்து நடப்பார்கள்.

வெள்ளிக் கடற்கரைக்கும் போகலாம். ஆனால் வடகிழக்குப் பருவக் காற்று அடிக்கிற இந்த மாதங்களில் கடல் சீறிக்கொண்டிருக்கும், அலை காலுக்கடியில் மணலை அரித்து இழுக்கும். மூன்று பையன்களைத் தனியாக அழைத்துச் செல்கிற தாய் கணுக்கால் தண்ணீருக்குக்கூட அனுமதிக்க வேண்டாம், மணலோடு நின்றுகொள்ளட்டும். டிசம்பர் 26 காலையில் அங்கே விளையாடப் போகாதீர்கள். 2004 ஆழிப்பேரலையில் போனவர்களுக்காக அன்று மீனவக் குடும்பங்கள் கடலில் பாலூற்றி மலர் தூவி அழுதுகொண்டிருக்கும். ஏன் போகவில்லை என்பதைப் பெரியவனுக்கு உள்ளபடி சொல்லுங்கள். ஒன்பது வயதுக்கு அது புரியும்.

சண்டை வரத்தான் செய்யும். எவன் முதலில் அடித்தான் என்று விசாரிப்பதை விட்டுவிடுங்கள். நீங்கள் நாட்டாமையாக உட்கார்ந்தால் வழக்குக் கொண்டுவருவதே அவர்களுக்கு விளையாட்டாகிவிடும். கையில் கல்லோ கட்டையோ இருந்தால், அல்லது சின்னவன் அடியில் சிக்கினால், அப்போது மட்டும் எழுந்து போய்ப் பிரித்து ஆளுக்கொரு மூலையில் உட்காரவையுங்கள். கை ஓங்குகிற அளவுக்கு உங்களுக்கே கோபம் வந்தால், மாமியாரிடம் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்கோ மொட்டை மாடிக்கோ போய் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள்.

எங்கேயாவது போய்விடலாமா என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை நான் பலமுறை படித்தேன். அது களைப்பில் வந்த சொல்லாக இருக்கலாம். ஆனால் அந்த எண்ணம் திரும்பத் திரும்ப வந்தாலோ, உங்களையோ பிள்ளைகளையோ ஏதாவது செய்துகொள்வோமோ என்ற அச்சம் ஒரு கணம் எழுந்தாலோ, உடனே 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற இந்த அரசு மனநலச் சேவையை இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். அதோடு, இந்தக் கடிதத்தில் எழுதியதை உங்கள் கணவரிடம் அப்படியே சொல்லுங்கள். ஒன்பதரைக்குத் திரும்புகிறவர் பார்ப்பது உறங்கிப்போன மூன்று பிள்ளைகளை மட்டும்தான். பகல் எப்படிப் போயிற்று என்பதை நீங்கள் சொன்னாலன்றி அவருக்குத் தெரிய வழியில்லை.

பொங்கலுக்கு எத்தனை ஜாக்கெட் தைக்க முடியும் என்று இப்போதே எண்ணிப் பார்த்து, அதற்குமேல் வருகிற துணியைத் தைக்குப் பிறகு தருவதாகச் சொல்லி வாங்குங்கள். இரண்டு பேர் வருத்தப்பட்டாலும் பரவாயில்லை. விடுமுறையில் வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடானதும் மூன்று பேரையும் அவர்களுடைய அப்பாவோடு வெளியே அனுப்புங்கள். அந்த மூன்று மணி நேரத்தில் பாத்திரம் தேய்க்கவும் வேண்டாம், கொக்கி கட்டவும் வேண்டாம். தையல் இயந்திரத்தை மூடிவிட்டு, கதவைத் தாழிட்டுத் தூங்குங்கள்.