வக்கீல் பதில்கள்: மீனைக் கடலில் வீசினால் 20 வருஷமா?

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது நண்பர் ஒரு கதை சொன்னார். அமெரிக்காவில் மீனைக் கடலில் தூக்கிப் போட்டவர்மேல் கம்பெனி மோசடிச் சட்டத்தில் கேஸ் போட்டார்களாம். கப்சாதானே, வக்கீல் சார்?
- வாசகர், முனீர்கா

கப்சா இல்லை. 2007-ல் மெக்சிகோ வளைகுடாவில் யேட்ஸ் என்பவரின் மீன்பிடிப் படகில் ஏறிய அதிகாரி, அப்போது பிடிக்கக் கூடாத, 20 அங்குலத்துக்குக் குறைவான கலவா மீன்கள் 72 என்று அளந்தார். அவற்றைப் பெட்டியில் தனியே வைத்து, கரைக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டுப் போனார். கரையில் மறுபடி அளந்தால், மீன்கள் கொஞ்சம் நீண்டிருக்கின்றன! செத்த மீன் வளருமா? யேட்ஸ் சொல்லித்தான் பழையதைக் கடலில் வீசி வேறு மீனை வைத்தோம் என்று படகு ஆள் ஒருவர் ஒப்புக்கொண்டார்.

சின்ன மீன் பிடித்ததோடு நின்றிருந்தால் அபராதத்தோடு போயிருக்கும். ஆனால் என்ரான் என்ற கம்பெனியின் கணக்கு மோசடிக்குப் பின் 2002-ல் வந்த சட்டத்தை எடுத்தார்கள். ஃபெடரல் (மத்திய அரசு) விசாரணையைத் தடுக்கும் நோக்கில் பதிவேடு, ஆவணம், தொட்டுணரக்கூடிய பொருள் எதை அழித்தாலும் 20 வருஷம் வரை சிறை. மீனைத் தொடலாமே! ஜூரி குற்றவாளி என்றது, மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

2015-ல் உச்ச நீதிமன்றம் 5-4 கணக்கில் அதைக் கவிழ்த்தது. நீதிபதி கின்ஸ்பர்க் அகராதியோடு நிற்கவில்லை, பக்கத்தில் என்னென்ன சொற்கள் இருக்கின்றன என்று பார்த்தார். பதிவேட்டோடும் ஆவணத்தோடும் உட்கார்ந்திருக்கும் 'பொருள்', ஹார்ட் டிஸ்க் மாதிரி தகவலைத் தாங்கும் பொருளாகத்தான் இருக்க முடியும் என்றார். எதிர்த்து எழுதிய நீதிபதி ககன், குழந்தைகளின் மீன் புத்தகம் ஒன்றையே மேற்கோள் காட்டி, மீன் பொருள்தான் என்றார். சட்டம் அளவுக்கு மீறிப் பரந்திருக்கிறது என்பதை அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் அதைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை என்றார்.

மொழியாகப் பார்த்தால் எனக்கு ககன் சொன்னதே சரி. ஆனால் எதிரிக்காக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்காக, வாதாடிப் பிழைப்பவன், கின்ஸ்பர்க் தீர்ப்பைத்தான் கையில் வைத்துக்கொள்வேன்.

இன்னொன்று: 2010-ல் குற்றப் பத்திரிகை வருவதற்குள் குறைந்தபட்ச அளவை 18 அங்குலமாக இறக்கிவிட்டார்கள். அதன்படி, அளந்த மீனில் ஒன்றுகூடச் சின்ன மீன் இல்லை. மனிதர் அனுபவித்த 30 நாள் சிறையை யார் திருப்பித் தருவது?

டெல்லி ஹைகோர்ட் ஒன்று சொல்ல, பம்பாய் வேறு சொல்வது அமெரிக்காவிலும் உண்டா?
- சட்ட மாணவி, மயூர் விஹார்

தாராளமாக, அம்மா. வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் 12. ஒன்றின் தீர்ப்பு மற்றதைக் கட்டுப்படுத்தாது. ஜார்ஜியாவில் ஒரு போலீஸ்காரர் காசு வாங்கிக்கொண்டு, தான் பார்க்க அனுமதி உள்ள கம்ப்யூட்டரிலேயே ஒரு வண்டி நம்பரைத் தேடினார். தப்பான காரணத்துக்காகப் பார்த்தால் ஹேக்கிங் சட்டம் பாயுமா? ஜார்ஜியா வட்டாரம் பாயும் என்றது, கலிஃபோர்னியா வட்டாரம் பாயாது என்றது. இப்படி முட்டிக்கொள்ளும் வழக்குகளைத்தான் உச்ச நீதிமன்றம் பெரும்பாலும் எடுக்கும். ஒன்பது பேரில் நால்வர் சரி என்றால் போதும். இந்த போலீஸ்காரர் வழக்கிலும் 2021-ல் 6-3 கணக்கில் பாயாது என்றது.

அண்ணன் மகன் என்.டி.பி.எஸ். (போதைப் பொருள் தடுப்புச் சட்டம்) கேஸில் இருக்கிறான். பொட்டலத்தில் பெரும்பகுதி வெறும் மாவு என்று லேப் ரிப்போர்ட்டே சொல்கிறது. சந்தேகத்தின் பலன் எதிரிக்குத்தானே?
- வாசகர், கரோல் பாக்

ஐயா, நீங்கள் சொல்வது சாட்சியத்தில் சந்தேகம் வந்தால். சட்டத்தின் பொருளில் சந்தேகம் வந்தால் எதிரிக்குச் சாதகமாகப் படிக்கும் விதியும் உண்டு, ஆனால் பந்தியில் கடைசி இலை அதற்குத்தான். வாசகம், நோக்கம், சட்டம் வந்த கதை எல்லாம் பார்த்த பிறகும் குழப்பம் தீராவிட்டால்தான் அதன் முறை வரும்.

அமெரிக்காவில் 1991-ல் சாப்மன் வழக்கு. ஆயிரம் டோஸ் எல்.எஸ்.டி. என்ற போதை மருந்து, சுத்தமாக எடுத்தால் சுமார் 50 மில்லிகிராம். அதை ஊறவைத்த தாளோடு நிறுத்தால் 5.7 கிராம். ஒரு கிராமைத் தாண்டினாலே குறைந்தது ஐந்து வருஷம். தாளையும் சேர்த்துத்தான் எடை என்றது உச்ச நீதிமன்றம், 7-2.

நம் உச்ச நீதிமன்றம் 2008-ல் கலப்படத்தைக் கழித்து, அசல் சரக்கை மட்டும் கணக்கில் எடுத்தது. 2020-ல் ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, அது தவறு, மொத்த எடைதான் என்றது. போதை தெருவுக்கு வருவதே கலப்படமாகத்தான் என்பது அதன் பின்னால் உள்ள நியாயம். ஹெராயின் என்றால் 250 கிராமைத் தாண்டினால் வணிக அளவு: குறைந்தது பத்து வருஷம், ஜாமீனும் லேசில் கிடைக்காது.

எனவே மாவை நம்பி வாதாட வேண்டாம். மாதிரி எப்போது எடுத்தார்கள், 52ஏ பிரிவின்படி மாஜிஸ்திரேட் முன்னிலையில்தான் எடுத்தார்களா, எடை மகஜரிலும் (பறிமுதல் செய்தபோது எழுதிய குறிப்பு) லேப் ரிப்போர்ட்டிலும் ஒத்துப்போகிறதா என்று உங்கள் வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். மகஜர் நகலைக் கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.