பாவனையாளர் கேள்வி-பதில்: கொழும்புக்கு வந்த பாலே

கீழைத்தேயக் கதைகளைத் தழுவி, சுற்றுலா வந்த, பாலே எனும் மேலைத்தேய நடன நாடகக் குழுவொன்று கொழும்பில் ஆடியது குறித்து நம் பகுதி வாசகர்கள் எழுதியவற்றுள் சில.

கேள்வி: ‘ஷெஹெரசாட்’ பாலேக்கு இரண்டு நுழைவுச்சீட்டுகளை 12,000 ரூபாய்க்கு வாங்கினோம். விளம்பரத்தில் முழு இசைக்குழு இருந்தது; மண்டபத்திலோ பதிவுசெய்த இசையைத்தான் போட்டார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? (கல்லடி)

பதில்: கேட்கத்தான் வேண்டும். வாங்குவோரைத் தவறாக வழிநடத்துவதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடைசெய்கிறது. விளம்பரத்தின் பிரதியோடு முதலில் ஏற்பாட்டாளருக்கு எழுதுங்கள். மறுத்தால், நிகழ்ச்சி நடந்து மூன்று மாதங்களுக்குள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் விவரம் கேட்கலாம்.

இதில் எனக்கு நெடுநாள் மனக்குறை உண்டு. ஊர் ஊராகச் செல்லும் குழுக்கள் பல, செலவு கருதிப் பதிவுசெய்த இசைக்கே ஆடுகின்றன. அது தவறன்று, அதை மறைத்து விற்பதே தவறு. 1888இல் இந்த இசையை எழுதிய ரிம்ஸ்கி-கொர்சகோவ், கதைசொல்லும் ஷெஹெரசாட்டின் குரலைத் தனி வயலினுக்குக் கொடுத்தார். அந்த வயலினை ஒருவர் நம் முன்னால் வாசிப்பதற்கும் அது ஒலிபெருக்கியில் வருவதற்கும் ஒரே விலை இருக்க முடியாது. கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் மத்தளம் கூத்தரின் காலைப் பார்த்துத் தாளத்தை இறுக்கியும் தளர்த்தியும் போவதைக் களரியில் கண்டு வளர்ந்த மட்டக்களப்பாருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. குழுவின் பெயரையும் இசை நேரடியா பதிவா என்பதையும் சொல்லாமல், ‘உலகப் புகழ்பெற்ற’ என்று மட்டும் போடும் விளம்பரத்தை நம்பி ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: தேவதைக் கதைதானே, ஏழு வயது மகளை அழைத்துச் செல்லலாமா? (அக்கரைப்பற்று)

பதில்: எந்தப் பாலே என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். 1910இல் பாரிசில் அரங்கேறிய, நடன அமைப்பாளர் ஃபோக்கீனின் ‘ஷெஹெரசாட்’டில், வேட்டைக்குப் போவதாகச் சொன்ன மன்னன் திடீரெனத் திரும்பி அந்தப்புரத்தாரைக் கொல்லச் செய்கிறான், அரசி தன்னைத் தானே குத்திக்கொள்கிறாள். 1979இல் அசர்பைஜானின் பாக்கூவில் அரங்கேறிய, இசையமைப்பாளர் அமீரோவின் ‘ஆயிரத்தொரு இரவுக’ளில் சிந்துபாத்தும் அலாவுதீனும் அலிபாபாவும் வருவார்கள், ஆயினும் தொடக்கத்தில் கொலை உண்டு. ஏழு வயதுக்கு இரண்டும் வேண்டாம்.

கேள்வி: பிற்பகல் 3.30 காட்சிக்கான சீட்டை இரவுக் காட்சிக்கென்று நினைத்துத் தாமதமாகப் போனேன். பணம் கிடைக்குமா? (களுவாஞ்சிகுடி)

பதில்: கிடைக்காது. நேரம் சீட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது.

கேள்வி: மாடத்தின் முன்வரிசை நல்ல இடமா? (கல்முனை)

பதில்: கைப்பிடிக் கம்பி எந்த உயரத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். கொழும்பு மண்டபமொன்றில் ‘தடையற்ற பார்வை’ என்று எனக்கு விற்ற ஆசனத்தில் அமர்ந்தபோது, கம்பி சரியாக ஆடுவோரின் பாதங்களை மறைத்தது. பாலேயில் பாதங்கள் தெரியாவிட்டால் பாதி ஆட்டம் போய்விட்டது.

கேள்வி: வகுப்பெடுத்துச் சேர்த்த பணத்தில் முகநூலில் ஒருவரிடம் சீட்டு வாங்கினேன். அதே சீட்டில் வேறொருவர் ஏற்கெனவே உள்ளே போய்விட்டதாகச் சொல்லி வாசலில் திருப்பி அனுப்பினார்கள். (வாழைச்சேனை)

பதில்: தம்பி, இரவு முழுதும் பஸ்ஸில் வந்து வாசலோடு திரும்பிய உங்களை நினைக்க மனம் கொதிக்கிறது. இது மோசடி, வெட்கப்பட வேண்டியவர் நீங்களல்லர். பணம் அனுப்பிய வங்கிக்கு இன்றே அறிவித்து, பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யுங்கள். அவரோடு நடந்த உரையாடலில் ஒரு வரியையும் அழிக்க வேண்டாம். முறைப்பாட்டை எழுத உதவி தேவையென்றால் எனக்கு எழுதுங்கள், நான் வரைந்து தருகிறேன்.