கேள்வி பதில்: ரெண்டு மாடி பிளேனுக்கு என்னதான் ஆச்சு?

போயிங் 747-ஐயும் ரெண்டு மாடி பிளேன்னு சொல்றாங்க, ஏ380-ஐயும் சொல்றாங்க. எதுதான் நிஜமான ரெண்டு மாடி?

முன்னாடியிலிருந்து வால் பக்கம் வரைக்கும் முழுசா ரெண்டு தளம் இருக்கிற பயணிகள் விமானம் ஏர்பஸ் ஏ380 மட்டும்தான். 747-ல முன்பக்கம் திமில் மாதிரி தூக்கிட்டு இருக்கே, அந்த இடத்துல மட்டும்தான் மாடி. 1970-லயே சர்வீஸுக்கு வந்த பிளேன் அது, கடைசி 747 டெலிவரி ஆனது 2023 ஜனவரில, அதுவும் சரக்கு விமானம்.

ஏ380-ல போனவங்க எல்லாரும் ஆகா ஓகோன்றாங்க. அப்புறம் ஏன் தயாரிப்பை நிறுத்திட்டாங்க? பிளேன்ல ஏதாவது கோளாறா?

பறக்கிற விஷயத்துல அதை யாரும் குறை சொல்லலைங்க. உள்ள சத்தம் கம்மி, ஆட்டம் கம்மி, இடம் தாராளம். சிக்கல் எல்லாம் கணக்குல. பெரிய ஏர்போர்ட்டுகள்ல நெரிசல் ஏறிட்டே போகும், புது ரன்வே போட இடம் இருக்காது, அதனால ஒரே பிளேன்ல நிறைய பேரை ஏத்துறதுதான் வழின்னு ஏர்பஸ் நினைச்சாங்க, ஆனா நடந்தது வேற, ரெண்டு இன்ஜின் விமானங்களே கடல் தாண்டி ரொம்ப தூரம் போகலாம்னு விதிகள் தளர்ந்துச்சு, போயிங் 787, ஏர்பஸ் ஏ350-ன்னு ரெண்டு இன்ஜின் விமானங்கள் வந்துச்சு, ஜனங்களும் நடுவுல இறங்கி மாறாம நேரா போகத்தான் ஆசைப்பட்டாங்க. ஏ380-க்கோ நாலு இன்ஜினுக்கு எரிபொருள் ஊத்தணும், நாலுக்கும் பராமரிப்பு பார்க்கணும். சீட் ஃபுல்லா இருந்தா தலைக்கு ஆகிற செலவு கட்டுப்படியாகும், கால்வாசி காலியா போச்சுன்னா அந்த ட்ரிப்பே நஷ்டம். வருஷம் முழுக்க தினமும் ஐந்நூறு பேரை ஒரே ரூட்டுல பிடிக்கிறது எத்தனை கம்பெனியால முடியும் சொல்லுங்க.

இன்னொண்ணு அதிகம் பேசப்படாத விஷயம், அதோட இறக்கை. பின்னாடி இதைவிட நீளமா ஒரு மாடல் கொண்டு வரலாம்னு யோசிச்சு, அதுக்கும் தாங்குற மாதிரி இறக்கையை இப்பவே பெருசா பண்ணிட்டாங்க. அந்த நீள மாடல் வரவே இல்லை. வராத பிளேனுக்காக பண்ணின இறக்கையோட எடையை வந்த பிளேன் ஒவ்வொண்ணும் சுமந்துட்டு பறக்குது. ஏர்போர்ட்ல நிக்கிறதுக்கு 80 மீட்டர்தான் எல்லைன்றதால ஒரு இறக்கை நுனியிலேருந்து மறு நுனி வரைக்குமான நீளத்தை 79.75 மீட்டர்ல நிறுத்த வேண்டியதாச்சு, அதனால ஒல்லியா நீளமா போகாம அகலக்கட்டையா ஆயிடுச்சு, எரிபொருள் சிக்கனத்துக்கு இது நல்லதில்லை. சரக்குலயும் அடி. ரெண்டு தளத்து ஆளுங்களோட பெட்டி எல்லாம் கீழ ஏத்தின பிறகு காசு தர்ற சரக்குக்கு மிச்ச இடம் கொஞ்சம்தான்.

2019 பிப்ரவரில நிறுத்துறோம்னு ஏர்பஸ் அறிவிச்சாங்க, கடைசி விமானம் 2021 டிசம்பர்ல போச்சு, மொத்தம் 251. எனக்கு மனசு கஷ்டமா இருக்கிற விஷயம் என்னன்னா, 2007 அக்டோபர் 25 அன்னைக்கு சிங்கப்பூர்லேருந்து சிட்னிக்கு பயணிகளோட முதன்முதலா பறந்துச்சே, அந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம், பத்து வருஷ குத்தகை முடிஞ்சதும் எடுத்துக்க ஒரு ஏர்லைனும் வரல. பிரான்ஸ்ல டார்ப் நகரத்துல வச்சு பார்ட் பார்ட்டா கழட்டிட்டாங்க. நல்லா பறந்துட்டு இருந்த பிளேன்ங்க அது.

அப்படின்னா எமிரேட்ஸ் மட்டும் ஏன் இத்தனை வாங்குனாங்க?

251-ல 123, கிட்டத்தட்ட பாதி அவங்களோடதுதான். துபாய் இருக்கிற இடம்தான் காரணம். ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா எங்கேருந்து கிளம்பினாலும் நடுவுல வர்ற ஊர், உள்நாட்டு விமானப் போக்குவரத்துன்னு பெருசா கிடையாது, எல்லாரையும் ஒரே இடத்துல இறக்கி அடுத்த பிளேனுக்கு மாத்தி அனுப்புறதுதான் அவங்க தொழிலே. ஏர்பஸ் எந்த மாதிரி கம்பெனியை மனசுல வச்சு இதை டிசைன் பண்ணாங்களோ அது அப்படியே எமிரேட்ஸ்தான். ஃபர்ஸ்ட் கிளாஸ்ல ஷவர், மாடியில பார்னு அந்த இடத்தை அவங்க அளவுக்கு யாரும் பயன்படுத்திக்கல. 615 சீட் வச்ச ஒரு டைப்பும் அவங்ககிட்ட இருக்கு.

ஏர் பிரான்ஸ், மலேசியா ஏர்லைன்ஸ், தாய் ஏர்வேஸ் எல்லாம் ஏ380-ஐ விட்டுட்டாங்க. கொரோனா நேரத்துல லுஃப்தான்சாவும் எதிஹாடும் கூட இனி வேண்டாம்ன்ற மாதிரிதான் ஓரங்கட்டினாங்க, ஆனா கூட்டம் நினைச்சதைவிட சீக்கிரமா திரும்பிடுச்சு, போயிங்கோட புது பெரிய விமானம் 777எக்ஸ் தள்ளிப் போய்ட்டே இருந்துச்சு, கையில இருக்கிற பெரிய பிளேனை விட்டா வேற வழியில்லைன்னு 2023-ல ரெண்டு பேருமே மறுபடி எடுத்து ஓட்ட ஆரம்பிச்சாங்க. ஜப்பானோட ஏஎன்ஏ கிட்ட மூணே மூணு இருக்கு, கடல் ஆமை படம் வரைஞ்சது, ஹொனலூலு ரூட்டுக்குன்னே வாங்கினது.

இவ்வளவு பேர் இருக்கிற பிளேன்ல ஏதாவது ஆச்சுன்னா எப்படி வெளிய வருவாங்க?

நியாயமான பயம்தான். 2006-ல ஹாம்பர்க்ல டெஸ்ட் பண்ணிப் பார்த்தாங்க, இருட்டு, 16 கதவுல எட்டு மட்டும்தான் திறக்கும், எதுன்னு உள்ள இருக்கிறவங்களுக்கு முன்கூட்டியே தெரியாது, 853 பயணிகளும் 20 ஊழியர்களும் 78 செகண்ட்ல வெளிய வந்துட்டாங்க. விதிப்படி 90 செகண்டுக்குள்ள வரணும்.

நிஜமான சோதனை 2010 நவம்பர் 4. சிங்கப்பூர்லேருந்து கிளம்பின ஆஸ்திரேலியாவோட குவாண்டாஸ் கம்பெனி ஏ380, குவாண்டாஸ் 32-ன்ற அந்த சர்வீஸ்ல இடது பக்க இன்ஜின் ஒண்ணு வெடிச்சு, உடைஞ்ச துண்டுகள் இறக்கையையே துளைச்சிருச்சு. எண்ணெய்க் குழாய் ஒண்ணை சரியா தயாரிக்காததுதான் காரணம். பைலட்டுகள் அவசரப்படல, வரிசையா வந்த எச்சரிக்கை ஒவ்வொண்ணையும் நிதானமா பார்த்து முடிச்சுட்டுதான் இறக்கினாங்க. இறங்கின பிறகும் பக்கத்து இன்ஜின் அணையவே மாட்டேங்குது, ஒயரெல்லாம் அறுந்து போச்சு, தீயணைப்பு வண்டிகள் மூணு மணி நேரம் போல பீய்ச்சி அடிச்சுதான் நிறுத்தினாங்க. அதனால சறுக்குமரத்துல குதிக்க விடாம பயணிகளை வலது பக்கமா ஏணி வச்சு பொறுமையா இறக்கினாங்க. உள்ள இருந்த 469 பேர்ல ஒருத்தருக்கும் காயமில்லை. ஏ380 ஓட ஆரம்பிச்சதிலிருந்து இன்னி வரைக்கும் விபத்துல ஒரு பயணி கூட சாகலைன்றதையும் சேர்த்து சொல்லிடுறேன்.

எகானமி டிக்கெட்லயே மாடியில உட்கார முடியுமா?

சில ஏர்லைன்ல முடியும். பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார் ரெண்டுலயும் மாடியோட பின்பக்கம் எகானமி இருக்கு. கீழ வரிசைக்கு பத்து சீட், மேல எட்டுதான், ஜன்னல் பக்கம் ரெண்டே சீட். சுவர் வளைஞ்சு வர்றதால ஜன்னலுக்கும் சீட்டுக்கும் நடுவுல ஒரு பெட்டி வச்சிருப்பாங்க, பை வைக்க ரொம்ப வசதி. எதிஹாட்ல எகானமி முழுக்க கீழதான். புக் பண்றப்பவே சீட் மேப் பார்த்துடுங்க, ஒரே கம்பெனிலயே ரெண்டு மூணு விதமா சீட் போட்டிருப்பாங்க, கிளம்புறதுக்கு முந்தின நாள் இன்னொரு தடவையும் பாருங்க, பிளேனை மாத்தினா சீட் நம்பரும் மாறிடும்.